இடைக்காலத் தடை

ஒரு ஊரிலே ஒரு நீதிபதி இருந்தாராம். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊரிலே இன்னொரு நீதிபதி இருந்தாராம். இவருக்கு அவரைத் தெரியாதாம், அவருக்கு இவரைத் தெரியாதாம். ஆனால் இரண்டு பேர் மேசையிலும் ஒரே பிள்ளையின் பெயர் இருந்ததாம். இனியாவுக்குச் சோறு ஊட்டும்போது எந்தக் கதையைத் தொடங்கினாலும் இப்போதெல்லாம் இப்படித்தான் போய் முடிகிறது என்று வளர்மதி நினைத்துக்கொண்டாள், திருச்சி குடும்பநல நீதிமன்றத்தின் மாடி வராந்தாவில், மர பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. ராஜா என்று ஆரம்பித்தாலும் இரண்டாவது வாய்க்குள் அவர் நீதிபதியாகிவிடுகிறார். அப்புறம் அந்தப் பிள்ளை என்னாச்சும்மா என்று இனியா கேட்பாள். இவள் அடுத்த உருண்டையை உருட்டி வாயில் வைத்துவிடுவாள். வாயில் சோறு இருக்கும் வரை குழந்தை கேள்வி கேட்காது. பெஞ்சின் மறு ஓரத்தில் அறிவழகன் உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன்தான், இன்னும் அப்படித்தான். மொட்டைத் தலையில் முடி சாம்பல் பூசியதுபோல முளைக்க ஆரம்பித்திருந்தது. பின்மண்டை இவ்வளவு தட்டையாக இருக்கும் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. சமயபுரத்தில் இனியாவுக்கு முதல் முடி எடுத்தபோது, இது யாரைக்கொண்டு பிறந்த மண்டை என்று இரண்டு வீட்டாரும் பேசிச் சிரித்தார்கள். அதோ அங்கே இருக்கிறது. எதிர் பெஞ்சில் மாமியார் சரோஜா, மடியில் வயர்கூடையைக் கட்டிப் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டில்லாமல் அந்த முகம் துடைத்த பலகைபோல இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் வளர்மதி மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் டவாலி பெயரைக் கூப்பிட்டபோது அறிவழகனின் வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். அதனால் வழக்கு பாஸ் ஓவர் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஒன்றே ஒன்றுதான் கேள்வி. குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று அவள் போட்ட மனுவில் கொடுத்திருக்கிற தடை நீடிக்குமா, உடையுமா. உடைந்தால், கனடாவில், கால்கரியில் அவன் போட்டிருக்கிற வழக்கு அடுத்த வாரமே நடக்கும். குழந்தையைக் கொண்டுவந்து அப்பாவிடம் ஒப்படை என்று அந்த ஊர் கோர்ட் சொல்லிவிடும். அந்தக் காகிதம் இங்கே வந்து கதவைத் தட்டும். நீடித்தால் தட்டாது. அவள் வக்கீல் கிருஷ்ணவேணி முதல் நாளே, டீயை ஆற்றிக்கொண்டே, சொல்லிக் கொடுத்துவிட்டாள். "இங்க பாரும்மா, நம்ம கோர்ட்டு அந்த ஊர் கோர்ட்டைப் பாத்து நீ வாயை மூடுன்னு சொல்ல முடியாது. அது இவங்களுக்குக் கட்டுப்பட்டதில்ல. ஆனா உன் வீட்டுக்காரரைப் பாத்து, நீ அங்க போயி கேஸ் நடத்தாதேன்னு சொல்லலாம். கட்டுறது ஆளைத்தான். மீறினா கோர்ட் அவமதிப்பு, அப்புறம் இந்த மண்ணுல கால் வெக்க யோசிக்கணும்." "அவரு அங்க போயி, இந்தத் தடை செல்லாதுன்னு அங்க ஒரு தடை வாங்கினா?" "வாங்குவாரு. அந்தத் தடைக்கு நாம இங்க ஒரு தடை. அவங்க அதுக்கு ஒண்ணு. கடைசியில உம் பொண்ணுக்குக் கல்யாணமாயி அவ கேஸுக்கே நான்தான் ஆஜராவேன் போ." கிருஷ்ணவேணி சிரித்தாள், இவளும் சிரித்தாள். எப்படிச் சிரித்தோம் என்று இப்போது தெரியவில்லை. கட்டுவது ஆளைத்தான் என்றால், ஆள் கைக்கு எட்ட வேண்டும். கனடாவில் இருப்பவனை எட்டிக் கட்ட முடியாது. அவன் வரவேண்டும். வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். மாமனார் பொன்னம்பலம், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கேஸ் போட்ட பிறகும் பேத்தியைப் பார்க்கப் பால்கோவா பொட்டலத்தோடு உறையூரில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்து, வாசலோடு நின்று, "கேஸு உனக்கும் அவனுக்கும் ஆத்தா, தாத்தனுக்கும் பேத்திக்கும் எவன் தடை போட்டான்" என்று சொன்னவர், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் அந்தக் காரணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"தண்ணி இருக்கா மதி?" என்று அவன் கேட்டான். அவள் பாட்டிலை பெஞ்சில் வைத்து நகர்த்தினாள், அவனும் கை நீட்டி நகர்த்திக்கொண்டான், கைகள் தொட்டுக்கொள்ளவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தண்ணி இருக்கா. கால்கரியில் ஒரு குளிர்காலம் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. சண்டை கிடையாது. அடி கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லாமல் விட்டான், அது அப்படியே உறைந்து, அதன்மேல் அடுத்த நாள் விழுந்தது, வெளியே பனி விழுவதுபோலவே. நிலவறை வீட்டின் ஜன்னல் தரை மட்டத்தில் இருந்தது. பனி ஏறினால் வெளிச்சம் போய்விடும். இவள் பகலெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு இனியாவோடு மட்டும் பேசினாள், குழந்தை வீட்டுக்குள் அவளோடு சேர்ந்து தமிழும் அவனோடு சேர்ந்து மௌனமும் கற்றுக்கொண்டது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் உப்பு எங்கே என்று கேட்டான். அவ்வளவுதான், அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், சந்தோஷத்தில். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது. உப்புக்கு இப்படி அழுகிறவள் இன்னும் ஒரு வருஷத்தில் என்ன ஆவாள்? தம்பி குமரேசன் கல்யாணத்துக்கு என்று வந்தாள், திரும்பிப் போகும் டிக்கெட் பெட்டியிலேயே கிடந்து காலாவதியானது. "அடிச்சாரா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள். இல்லை. "குடி, வேற பொம்பள?" இல்லை. "பின்ன என்னதாம்மா?" பேச மாட்டாரு. கிருஷ்ணவேணி பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "இதை நான் மனுவுல எப்படி எழுதட்டும்? எதிர்மனுதாரர் உப்பு எங்கேன்னு கேட்டார்னா?"

"இனியா ஸ்கூலுக்குப் போயிருக்காளா?" "போயிருக்கா." "வேன்லயா?" "குமரேசன் கொண்டுவிடுவான்." அவன் தலையாட்டினான். கேட்டுத் தெரிந்துகொண்டதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையைப் பார்த்தான். நாளை அதிகாலை அவனுக்கு விமானம். வக்கீல்கள் பேசிக்கொண்டதில் அவள் காதில் விழுந்தது. இவள் மனசு அந்த விமானத்தோடு போகாமல் மறுபடி மறுபடி அந்தக் கொல்லைப்புறத்திலேயே இறங்கியது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மாமனாரின் திருவானைக்காவல் வீட்டில். மகன் வரும்வரை ஐஸ் பெட்டிக்குள் மாமனார் படுத்திருந்தார். கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல ஆவி படிந்திருந்தது. யாரோ ஒருத்தி துண்டால் துடைத்துத் துடைத்து முகம் காட்டிக்கொண்டிருந்தாள். யார் ஏசிவிடுவாள் என்று பயந்து போனாளோ அந்தச் சரோஜா இவளைக் கண்டதும் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள்; அவள் கண்ணீர் இவள் ரவிக்கைக்குள் இறங்கியது. அப்போதுதான் போன் அடித்தது. எழுந்து கொல்லைக்குப் போனாள். கிருஷ்ணவேணிதான். "கேட்டேன்மா, பாவம் பெரியவரு. சரி, வர்றாரா அவரு? வந்தா எத்தனை நாள் இருப்பாரு?" கொள்ளி வைத்தவன் காரியம் முடியும்வரை எல்லை தாண்ட மாட்டான், இது கேட்கிற விஷயமா? கிருஷ்ணவேணி வேறு ஊர்க்காரி, வேறு வழக்கம், அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். "அப்போ ஆர்டர் வாங்கி கோர்ட் அமீனாகிட்ட குடுத்து அவரு கையிலேயே சேத்துடலாம். எங்க போனா கண்டிப்பா ஆளு இருப்பாரு? வீடா?" வீட்டுக்கு வேணாம் மேடம், அத்தை பாத்தா தாங்க மாட்டாங்க. காரியத்தன்னைக்குக் கொள்ளிடக்கரையில இருப்பாரு. பொம்பளைங்க அங்க வர மாட்டாங்க. இதைச் சொன்னபோது ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்புதான் இருந்தது. சத்தியமாக அதுதான் இருந்தது. அத்தை பார்க்கக் கூடாது. அவ்வளவு கவனமாக யோசித்தவளுக்கு, அந்தக் கரையில் அன்றைக்கு வேறு என்ன நடக்கும் என்று எப்படித் தோன்றாமல் போனது? தோன்றவில்லையா, தோன்றியதைத் தள்ளி வைத்தாளா? கல்லின்மேல் ஒரு சோப்புத் துண்டு கரைந்து கிடந்தது, அதுகூட நினைவிருக்கிறது, இது நினைவில்லை.

உருமா. கொள்ளி வைத்தவன் மொட்டையடித்து, முழுகி எழுந்து, ஈரத் தலையோடு கரையில் நிற்பான். பெண் கொடுத்த வீட்டிலிருந்து மச்சான் தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் கொண்டுவந்து, அவன் தலையில் சுற்றி உருமா கட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் அவன் தலை நிமிர்ந்து தெருவுக்குள் நடந்து வீட்டுக்கு வரலாம். "நீ போயிட்டு வாயேன்டா" என்று குமரேசனிடம் கேட்டதும் உண்டு. "ஒரு கையில கேஸு, ஒரு கையில உருமாவா? போற வழியெல்லாம் சிரிப்பாங்கக்கா" என்றான். கிருஷ்ணவேணியும் வேண்டாம் என்றாள். நாளைக்கு அதையே சமரசம் என்று எழுதிவிடுவார்களாம். சரி என்று விட்டாள். ஆக, உருமா போகாது என்பது தெரியும். அமீனா போவார் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே கரை, ஒரே வேளை என்பது மட்டும், ஒரே உள்ளங்கையில் இருக்கிற இரண்டு ரேகைபோல, சேராமலே ஓடிக்கொண்டிருந்தது.

"காரியத்தன்னைக்கு," என்று அவன் ஆரம்பித்தான். அவளைப் பார்க்கவில்லை, தூங்குகிற அம்மாவைப் பார்த்துக்கொண்டே, அவள் எழுந்துவிடக் கூடாது என்பதுபோல, தாழ்ந்த குரலில். "வெயில் ஏறிடுச்சு. எல்லாம் முடிஞ்சு நிக்கிறோம். கிளம்பலாம்ப்பா, அவங்க வீட்லேர்ந்து வரமாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. சித்தப்பா, இரு இரு, வருவாங்க, சாவுல என்ன சண்டைங்கறாரு. நானும் நின்னேன். அப்ப படித்துறை மேலேர்ந்து ஒருத்தர் பையோட இறங்கி வர்றாரு. வெள்ளைச் சட்டை. யாரு அறிவழகன்னு கேட்டுக்கிட்டே வர்றாரு. வந்தாச்சு, மச்சான் வீட்லேர்ந்து ஆளு வந்தாச்சுன்னு சித்தப்பா சத்தமா சொன்னாரு. நாலு பேரு ஒதுங்கி வழி விட்டாங்க." நிறுத்தினான். பாட்டில் மூடியைத் திருகினான், மறுபடி திறந்தான். "நான் தலையைக் குனிஞ்சு குடுத்தேன் மதி."

அவள் சொல்ல வந்தது எதுவும் வாய்க்கு வருவதற்குள் வேறு ஒன்றாகிவிட்டது. அத்தை பார்க்கக் கூடாதுன்னுதான் என்று சொல்லலாம்; சொன்னால் கரையைக் காட்டிக்கொடுத்ததே நீதானா என்பான்; அவனுக்கு அது தெரியுமா தெரியாதா என்றே தெரியவில்லை. நீங்க பேசியிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்குமா என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான், ஆனால் இப்போது பேசுகிறான், ஒரு குளிர்காலத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசுகிறான், அதற்கு ஒரு அமீனா தேவைப்பட்டிருக்கிறார். ஈரத் தலை வெயிலில் குனிந்து நிற்பதும், அந்த அமீனா பாவம் என்ன செய்வார், பைக்குள் கை விட்டபடி நிற்பதும், எல்லோரும் துண்டு வரும் என்று அந்தப் பையையே பார்ப்பதும் அவள் கண்ணுக்குள் நின்றன. காகிதம் வருகிறது. கையெழுத்துப் போடு என்கிறார்கள். ஈரக் கையால் எப்படிப் போட்டிருப்பான், காகிதத்தில் நீர் சொட்டியிருக்குமா, சொட்டிய காகிதத்தை கோர்ட்டில் ஏற்பார்களா? சீ, மனசு எங்கே போகிறது பார். ஏற்றிருக்கிறார்கள், அதனால்தானே இவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். ஆளைக் கட்டியாகிவிட்டது. இனியா பள்ளியில் இந்நேரம் சாப்பிட்டிருப்பாள், டப்பாவில் தயிர்சாதம், மாவடு வேண்டாம் என்று மூடியில் எடுத்து வைத்திருப்பாள். அவள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் யாராவது இரண்டு பேர் இங்கிலீஷில் பெயர் கேட்டுக்கொண்டு நிற்பதாக வருகிற அந்தக் கனவு, பகலில்கூட வருகிற அது, நின்றால் போதும். அதற்கு எந்தத் தலை குனிந்தாலும் சரியா? சரி என்றுதான் உள்ளே ஒன்று சொன்னது. அது தன் குரல்தான் என்பதை அவள் நன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டு எதிர் பெஞ்சைப் பார்த்தால், சரோஜா விழித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கண்ணை மட்டும் திறந்து, மற்றபடி அசையாமல், மகனின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவாலி கூப்பிட்டார். வளர்மதி, அறிவழகன், வளர்மதி, அறிவழகன், கல்யாணப் பத்திரிகையில் போட்டதற்குப் பிறகு இரண்டு பெயரையும் சேர்த்து இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. உள்ளே மின்விசிறி தலைக்கு மேல் டக் டக்கென்றது. நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கி அவன் மொட்டையை ஒரு கணம் பார்த்தார். அவன் வக்கீல் ஏதேதோ சொன்னார்: குழந்தை பிறந்த ஊர் அது, குடியுரிமை அது, அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம், அங்கே நியாயம் கிடைக்காது என்பதற்கு இவர்களிடம் என்ன ஆதாரம். கிருஷ்ணவேணி எழுந்து, குழந்தை இரண்டு வருஷமாக இங்கே படிக்கிறது, என் கட்சிக்காரர் அங்கே போய் வழக்காட விசாவும் இல்லை வசதியும் இல்லை, இது எந்த வகையில் நியாயம் என்றாள். வார்த்தைகள் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தன. நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவனிடமே கேட்டார். "நீங்களே சொல்லுங்க. இங்க உள்ள மனு முடியுற வரைக்கும் அங்க வழக்கை நடத்த மாட்டேன்னு உறுதி தர்றீங்களா? தந்தா, குழந்தையைப் பாக்குறதுக்கு நாள் கேட்டு ஒரு மனு போடுங்க, நான் எடுத்துக்கிறேன்." வக்கீல் அவன் காதில் எதையோ சொன்னார், தா என்றுதான் சொல்லியிருப்பார். வளர்மதிக்கும் அப்போது அதுதான் தோன்றியது, தந்துவிடுங்களேன் என்று. தன் பக்கத்துக்கு அது வெற்றி என்பதால் தோன்றியதா, வேறெதனாலா, பிரித்துப் பார்க்க நேரமில்லை. "முடியாதுங்கம்மா," என்றான். "ஏன்?" "இங்க கேஸ் நடக்குற வேகத்துக்கு வந்து வந்து போக எனக்கு லீவு கிடையாதுங்க. அங்கயும் நடத்தலைன்னா, அவ வளந்து நிக்கும்போது, நீ ஏன் என்னைக் கேக்கவே இல்லன்னு கேப்பா." கொஞ்சம் நிறுத்தி, "நான் கேட்டேன்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருக்கணும்ல," என்றான். பின்னால் யாரோ இருமினார்கள். நீதிபதி குனிந்து எழுதினார். தடை, மூல மனு முடியும் வரை நீட்டிக்கப்படுகிறது. உப்பு எங்கே என்று கேட்கிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் கிருஷ்ணவேணி அவள் தோளைத் தட்டினாள். "ஜெயிச்சாச்சு. போயி ஏதாவது சாப்பிடு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. எனக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு," என்று கோட்டைப் பறக்கவிட்டுக்கொண்டு போய்விட்டாள். ஜெயிச்சாச்சு. இது நிம்மதிதான் போலிருக்கிறது, ஆனால் நிம்மதிக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. கொஞ்சம் தள்ளி அவன் வக்கீல் சரோஜாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லம்மா, கனடா போறதுல தப்பு இல்ல. அங்க போயி இவரு கேஸை நடத்தினாருன்னா, அப்புறம் இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தா சிக்கல். அதான்." "எப்ப வரைக்கும்?" "கேஸு முடியுற வரைக்கும்." "அது எப்ப முடியும்?" வக்கீல் கூரையைப் பார்த்தார். "நடக்கும்மா. நடந்துக்கிட்டிருக்கும்." சரோஜா, கடையில் விலை கேட்பதுபோல, "நான் போயிட்டா?" என்றாள். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டு நடந்தார். அறிவழகன் அம்மாவின் வயர்கூடையை வாங்கிக்கொண்டான். வளர்மதியின் பக்கம் திரும்பினான், பேசப் போகிறான் என்று நினைத்தாள், வாய் திறந்தது, பாட்டிலை பெஞ்சில் வைத்துவிட்டு, "நான் போயி ஆட்டோ பாக்குறேன்மா, மெதுவா வா," என்று அம்மாவிடம் சொல்லிப் படியிறங்கினான். தட்டைப் பின்மண்டை ஒவ்வொரு படியாகத் தாழ்ந்து மறைந்தது.

சரோஜா மெதுவாகப் போகவில்லை, போகவே இல்லை. வளர்மதி எழுந்து நின்றாள். திட்டட்டும் என்று நின்றாள். மண்ணை வாரித் தூற்றட்டும், வராந்தாவில் இருக்கிற நாலு பேர் பார்க்கட்டும், கணக்கு ஒரு பக்கமாவது முடியட்டும். மாமியார் கிட்டே வந்து, முந்தானையை விலக்கி, தாலி போன கழுத்துச் சரட்டில் ஊக்கில் கோத்திருந்த சாவிகளில் ஒன்றைக் கழற்றப் பார்த்தாள். ஊக்கு இறுகியிருந்தது, திறக்கவில்லை. "இத எடு," என்றாள். வளர்மதி குனிந்து திறந்துவிட்டாள். விபூதி வாசனையும் வியர்வை வாசனையும் வந்தன, பழைய வீட்டு வாசனை. சரோஜா சாவியை அவள் கையில் வைத்தாள். "வாசக்கதவு சாவி. அவனுக்கு இனிமே இது எதுக்கு. அக்கம்பக்கத்துல யாருகிட்டயும் குடுக்க மனசு வரல." மூச்சு வாங்கியது. "அன்னாடம் காலையில ஒரு போன் போடு. நான் எடுக்கலைன்னா வந்து திறந்து பாரு. கதவை ஒடச்சுப்புடாதீங்க, தேக்கு, அவுக ஆசையா போட்டது." அத்தை என்றாள் வளர்மதி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அழுவாத. பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூப்புட நேரமாச்சுல்ல," என்றாள் சரோஜா. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி படிக்கட்டுக்குப் போனாள். வலது முட்டி மடங்காது. அதனால் ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிடிக் கம்பியை மாற்றிப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல், வளைவு வரைக்கும் இறங்கி, வளைவில் கொஞ்சம் நின்று, பிறகு அதையும் தாண்டிப் போனாள்.